மெஷினில் எத்தனை மணி நேரம்?

கேளம்பாக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், இது கிளாம்பாக்கம் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூர் பக்கம் புதிய பேருந்து முனையம் திறந்ததிலிருந்து வெளியூர்க்காரர்கள் பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. நாம் பேசும் ஊர் பழைய மாமல்லபுரம் சாலையில், வண்டலூர் சாலையும் கோவளம் சாலையும் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. வடக்கே சிறுசேரி சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்கள். கிழக்கே உப்பளங்களும் முட்டுக்காட்டுக் கழிமுகமும். பொறியியல் கல்லூரிக்கு இங்கே பஞ்சமே இல்லை: படூரில் இந்துஸ்தான், காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., மேலக்கோட்டையூரில் விஐடி. காலை ஏழு மணிக்குமேல் சாலை முழுக்கக் கல்லூரிப் பேருந்துதான். வண்டலூர் சாலையில் மேற்கே போய் ஜி.எஸ்.டி. சாலையைத் தொட்டால் காட்சி மாறிவிடும். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, அதற்கும் அப்பால் ஒரகடம். கார், லாரி, அவற்றுக்கான உதிரிபாகம் என்று உலோகத்தை வெட்டியும் கடைந்தும் வாழும் உலகம் அது.

படிப்பு ஒரு முனையில், தொழிற்சாலை மறுமுனையில். இந்தப் பகுதியில் பத்தாவது முடித்த ஒரு பையன், பன்னிரண்டாவதோடு நின்றுபோன ஒரு பெண், அல்லது நாற்பது வயதில் வேலை போன ஒருவர், உலோகத்தை மைக்ரான் கணக்கில் கடைந்தெடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள நினைத்தால் எங்கே போவது? அமெரிக்காவில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: பக்கத்து ஊர் சமுதாயக் கல்லூரி. நம்மூரில் அந்தப் பெயரும் இருக்கிறது, லேத் மெஷின்களும் இருக்கின்றன. ஆனால் பெயர் ஓரிடத்தில், மெஷின் வேறிடத்தில். அப்படி ஆனது எப்படி, அதனால் என்ன நட்டம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை.

கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

முதலில் வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு இரும்புத் தண்டு. பேரிங்குக்குள் உட்கார வேண்டியது. டிராயிங்கில் விட்டத்துக்குப் பக்கத்தில் எச்6 என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதன் பொருள், தண்டு 25.000 மில்லிமீட்டருக்குமேல் போகக் கூடாது, 24.987-க்குக் கீழே இறங்கவும் கூடாது. மொத்தத்தில் 13 மைக்ரான் இடைவெளி. ஒரு தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்குகூட இதற்குத் தேறாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். பெரும்பாலான தலைகளுக்கு அது சரிதான்.

கம்பியை சக்கில் பிடித்து, ஓட்டம் அடிக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்து, ரஃபிங் வெட்டில் அரை மில்லி விட்டுவைத்து, பிறகு ஃபினிஷிங் வெட்டுக்கு வருகிறான் மாணவன். வெட்டி முடித்த கையோடு மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்கிறான்: 24.994. நட்ட நடுவில் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறான். ஆனால் வெட்டின சூட்டில் தண்டு 60 டிகிரியில் இருக்கிறது. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரியும். 25 மில்லிமீட்டர் தண்டு 30 டிகிரிக்கு ஆறினால் எட்டரை மைக்ரான் சுருங்கும். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தால் 24.985 சொச்சம். அளவுக்குக் கீழே போன தண்டைத் திரும்பப் பெருக்க வழியில்லை. ஸ்கிராப்.

அலுமினியம் இன்னும் பொல்லாதது. அளவீட்டுக்கென்று உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. சென்னையின் தெற்குப் புறநகரில், ஏசி இல்லாத பட்டறையில், மே மாதம் 35 டிகிரி என்பது காலை நேரத்துக் கணக்கு. 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டை அந்தச் சூட்டில் இரும்பு மைக்ரோமீட்டரால் அளந்தால், இரண்டும் வெவ்வேறு அளவுக்கு விரிந்திருப்பதால், 17 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். வாடிக்கையாளரின் ஏசி அறையில் அதே துண்டை அளந்து ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டும்போது இரண்டு பக்கமும் மைக்ரோமீட்டர் சரியாகத்தான் இருக்கும். வெப்ப விரிவைப் பள்ளி இயற்பியல் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்லிவிடுகிறது. அதைக் கை எப்போதும் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும் என்றால் சில துண்டுகளையாவது ஸ்கிராப்பில் போட்டிருக்க வேண்டும். கற்பிக்கும் நிறுவனம் அதற்கு இரும்பு வாங்கித் தர வேண்டும்.

சிஎன்சி வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எண்களால் இயங்கும் அரவை எந்திரத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1952-இல் இயக்கிக் காட்டியபோதே இந்தக் கேள்வி பிறந்துவிட்டது. எழுபது ஆண்டு அனுபவம் சொல்லும் பதில்: எந்திரம் சொன்னதைச் செய்யும், என்ன சொல்வது என்பது அதற்குத் தெரியாது. ஜி00 போட்டால் விரைந்து நகரும், ஜி01 போட்டால் வெட்டிக்கொண்டு நகரும். இதை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஐம்பதாவது ஜாப்பில் இன்சர்ட் தேய்ந்து விட்டம் ஐந்து மைக்ரான் ஏறியிருக்கிறது, ஆஃப்செட்டில் எவ்வளவு இறக்குவது, இறக்குவதா இன்சர்ட்டை மாற்றுவதா, வெட்டும்போது வரும் அந்தக் கிறீச்சொலி டூலினாலா, ஜாப் நீட்டிக்கொண்டிருப்பதாலா? இதற்கு விடை சொல்பவர் செட்டர். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவு திறக்கக் காத்திருப்பவர் ஆபரேட்டர். இருவரும் ஒரே மெஷின் முன்னால்தான் நிற்கிறார்கள். சம்பளத்திலும் மரியாதையிலும் அவர்களுக்கு நடுவே இருக்கும் தூரம் அதிகம்.

840 மணியின் கணக்கு

வேலைக்கு எடுக்கும் பட்டறை முதலாளிகள் மதிப்பெண்ணைவிட அதிகமாகக் கேட்கும் கேள்வி, மெஷினில் எவ்வளவு நாள் நின்றிருக்கிறாய் என்பது. நம் படிப்புகள் அனைத்தையும் இந்த ஒரு அளவுகோலால் அளந்து பார்க்கலாம் என்பது என் கருத்து. சான்றிதழின் பெயர், நிறுவனத்தின் புகழ், கட்டடத்தின் பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐடிஐயில் டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் மூன்றும் இரண்டாண்டுப் படிப்புகள். 2022-இல் திருத்திய தேசியப் பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். முன்பு 1,600 இருந்தது. இந்த 1,200-இல் தொழில் செய்முறைக்கு 840 மணி. பார்வைக்கு நல்ல எண். ஆனால் ஒரு வகுப்பில் 20 பேர். பத்து லேத் ஓடினால் ஒரு மெஷினுக்கு இருவர். ஒருவன் வெட்ட ஒருவன் வேடிக்கை பார்க்க, 840 உடனே 420 ஆகிறது. இரண்டு லேத் ரிப்பேர் என்றால் இன்னும் குறையும். சிஎன்சி ஒன்றே ஒன்று இருந்து, அதில் 200 மணி நேரம் ஒதுக்கினாலும் தலைக்குப் பத்து மணி. பத்து மணியில் கார் ஓட்டவே யாரும் லைசன்ஸ் தர யோசிப்பார்கள். இயந்திரவியல் டிப்ளமோவில் பட்டறை என்பது பல பாடங்களில் ஒன்று மட்டும். பி.இ.யில் அதுவும் சுருங்கிவிடும். நான்கு ஆண்டு இயந்திரவியல் படித்து, டூல் பிட்டை ஒருமுறைகூடத் தன் கையால் சாணை பிடிக்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். இதில் மாணவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சின்ன சிஎன்சி லேத்தே பத்துப் பதினைந்து லட்சத்துக்குக் குறையாது. நூறு பேர் வகுப்புக்கு எந்தக் கல்லூரி பத்து மெஷின் வாங்கிப் போடும்?

சிமுலேட்டர் மென்பொருள்கள் இந்தப் பள்ளத்தை நிரப்பும் என்று சொல்லப்படுகிறது. புரோகிராம் பழக அவை நல்லவைதான். டூல் சக்கில் மோதினால் திரையில் சிவப்பு வரும், அவ்வளவு. நிஜத்தில் மோதினால் ஸ்பிண்டில் போகும், வேலை போகும், சில சமயம் விரல் போகும். அந்தப் பயமும் படிப்பின் ஒரு பகுதி.

முன்னோர் செய்தது

தமிழ்நாட்டுக்கு இது புதிய கவலை அல்ல. இன்றைய தரமணி மத்தியப் பாலிடெக்னிக்கின் வேர் 1916-இல் பிராட்வே பகுதியில் தொடங்கிய அரசுத் தொழிற்பள்ளி. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் 1926-இல் அறக்கட்டளை நிறுவி, அதோடு ஒரு தொழிற்கூடத்தையும் நடத்தினார்கள். அங்கே பயிற்சி என்பது விற்பனைக்குப் போகும் பம்பையும் மோட்டாரையும் லேத்தையும் செய்வது. மாணவன் செய்த துண்டு தப்பினால் வாடிக்கையாளர் திட்டுவார். இதைவிடச் சிறந்த தேர்வு முறையை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதே ஊரில் ஜி.டி. நாயுடு 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கையும் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். நான்காண்டுப் படிப்பில் பாதி வீண், ஒழுங்காக நடத்தினால் இரண்டாண்டு போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

விடுதலைக்குப் பிறகு அடித்தளம் வேகமாகப் போடப்பட்டது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்து ஐடிஐக்கள் பிறந்தன. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை. 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம். ஐசிஎஃப், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அசோக் லேலண்ட், டிவிஎஸ் குழும ஆலைகள் போன்ற பெரிய இடங்களில் அப்ரண்டிஸ் பயிற்சி என்றால் அரத்தால் இரும்புக் கட்டியைச் சதுரமாக ராவுவதில் ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் அதே வேலை. கை வீங்கும். அந்தத் தலைமுறை ஃபிட்டர்கள் இன்றும் ஒரு பரப்பை விரலால் தடவி மேடுபள்ளம் சொல்வார்கள். திண்டுக்கல்லில் டூல் இன்ஜினியரிங் படிப்புக்கென்றே தனி நிலையம் வந்தது. கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட், பிளாஸ்டிக் அச்சு செய்பவர்களை உருவாக்கியது. ஈக்காட்டுத்தாங்கலில் தேசியச் சிறுதொழில் கழகத்தின் தொழில்நுட்ப மையம் குறுகிய கால சிஎன்சி வகுப்புகளை நடத்தி வருகிறது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்றைக் கவனிக்கலாம்: ஆலைகளை விட்டுவிட்டால், சென்னைப் பக்கத்துப் பயிற்சி நிலையங்கள் கிண்டியைச் சுற்றித்தான். நகரம் தெற்கே முப்பது கிலோமீட்டர் வளர்ந்துவிட்டது.

சமுதாயக் கல்லூரி: பெயர் வந்தது, லேத் வரவில்லை

சமுதாயக் கல்லூரி என்ற யோசனை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் 1901-இல் முளைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையத்தின் 1947-ஆம் ஆண்டு அறிக்கை அதை நாடு முழுக்கப் பரப்பியது. இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், வயது வரம்பு இல்லை, வீட்டுக்குப் பக்கம். மெஷினிங் வகுப்பு பெரும்பாலும் மாலையில்தான். பதினெட்டு வயதுப் பையனுக்குப் பக்கத்து லேத்தில், ஆலை மூடியதால் வேலை இழந்த ஐம்பது வயதுக்காரர் நிற்பார். இன்னொரு பக்கம், பகலில் அதே வேலையைச் செய்துகொண்டு புரோகிராமிங் மட்டும் பழக வந்தவர். ஒரே ஒரு பாடத்துக்குப் பணம் கட்டிப் படித்துவிட்டுப் போகலாம். கலிஃபோர்னியாவின் ஹாஸ் போன்ற மெஷின் கம்பெனிகள் கல்லூரிப் பட்டறைகளில் தங்கள் மெஷின் இருப்பதில் அக்கறை காட்டுகின்றன. படித்தவன் நாளை எந்த மெஷினை வாங்கச் சொல்வான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் இந்த யோசனை முதலில் வந்திறங்கிய இடங்கள் நமக்கு அக்கம்பக்கம்தான். 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996-இல் சென்னை மயிலை மறைமாவட்டத்தின் சமுதாயக் கல்லூரி வந்தது. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே நாடெங்கும் கொண்டுபோனார். பள்ளியில் இடறி விழுந்தவர்கள், ஏழைகள், பெண்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறன், வேலைத் திறன், களப் பயிற்சி என்று பிரித்து வகுத்த பாடத்திட்டம் அவருடையது. அதன் நல்லெண்ணத்திலோ பயனிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிறகு இப்படிப்பட்ட கல்லூரிகளை அங்கீகரித்தது. 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழு தனித் திட்டமே போட்டது.

ஆனால் இந்த இயக்கம் பெரும்பாலும் தேர்ந்தெடுத்த படிப்புகளைப் பாருங்கள்: கணினி, தையல், நர்சிங் உதவியாளர், ஏசி மெக்கானிக், வீட்டு வயரிங். ஓர் அறையும் சில மேஜைகளும் இருந்தால் நடத்திவிடக் கூடியவை. காரணம் எளிது. தொண்டு நிறுவனம் தையல் மெஷின் வாங்கும், லேத் வாங்காது. வாங்கினாலும் மூன்று ஃபேஸ் மின்சாரம், கான்கிரீட் அடித்தளம், கூலண்ட், இன்சர்ட், மாதாமாதம் இரும்புக் கம்பி என்று செலவு நிற்காது. இப்படியாக, எவரும் எந்த வயதிலும் வரலாம் என்ற கதவு ஒரு கட்டடத்தில் அமைந்தது. வந்தவர் கற்க வேண்டிய மெஷின் வேறொரு கட்டடத்தில் நின்றது.

அந்த இன்னொரு கட்டடம்தான் அரசு ஐடிஐ. வயதைப் பொறுத்தவரை அது தாராளமானது: ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வரம்பே இல்லை. கட்டணம் இல்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை. இப்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வேறு. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இரண்டாண்டு, பகல் முழுக்க. முப்பத்தைந்து வயதில் வீட்டு வாடகை கொடுப்பவர் 750 ரூபாயில் இரண்டாண்டு உட்கார்ந்து படிக்க முடியாது. கேளம்பாக்கத்திலிருந்து தினமும் செங்கல்பட்டுக்கோ கிண்டிக்கோ ஒரகடத்துக்கோ போய்வர மூன்று மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். தாம்பரம் போகும் 515-இல் உட்கார இடம் கிடைத்தால் அது வேறு அதிர்ஷ்டம்.

சிங்கப்பூருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். துல்லிய எந்திர வேலைக்கு இன்று உலகம் மதிக்கும் சிங்கப்பூர், 1972-இல் அதை யாரிடம் கற்றுக்கொண்டது தெரியுமா? இந்தியாவின் டாடாவிடம். அந்நாட்டுப் பொருளாதார வளர்ச்சிக் கழகம் டாடாவோடு சேர்ந்து டூல், டை செய்பவர்களுக்கான பயிற்சி மையத்தை அந்த ஆண்டு தொடங்கியது. ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களோடு இதேபோன்ற மையங்கள் அடுத்தடுத்து வந்தன. நிறுவனம் தன் ஆசான்களையும் முறையையும் தரும். அரசு இடமும் பணமும் தரும். தேவைக்கு மேலாகவே ஆட்களைப் பயிற்றுவிப்பார்கள். மிச்சப்படும் ஆட்கள் நாட்டின் மற்ற தொழில்களுக்குப் போவார்கள்.

இதிலுள்ள சாமர்த்தியம் நம் புறநகரின் முக்கியமான நோய்க்கு மருந்து. திருமுடிவாக்கம் சிட்கோவிலோ பெருங்குடியிலோ ஆறு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் முதலாளி ஏன் ஆளைப் பயிற்றுவிப்பதில்லை? ஒரு வருடம் செலவழித்து, நாலு இன்சர்ட் உடைய விட்டு, பையனை செட்டராக்கினால், அடுத்த தெருக்காரர் இரண்டாயிரம் கூடக் கொடுத்து அழைத்துக்கொள்வார். எல்லா முதலாளியும் இதே கணக்கைப் போடுவதால் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. எல்லாரும் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். ஜெர்மனியில் இதைச் சட்டமும் தொழில் சங்கங்களும் தீர்த்தன: மூன்றரை ஆண்டுப் பயிற்சி, வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆலை, மீதி நாள் தொழிற்பள்ளி, கடைசியில் வர்த்தகச் சபை நடத்தும் பொதுத் தேர்வு. நம்மிடம் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று ஆனது. மலிவான ஆள் என்ற கணக்கில் அப்ரண்டிஸை எடுத்து, ஓராண்டு முழுக்கக் கதவைத் திறந்து ஜாப் மாற்றவைத்து அனுப்பும் இடங்கள் நிறைய. ஓராண்டுக்குப் பின் அவன் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். செட்டிங் தெரியாது.

ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. ஒரகடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்று ஓட்டும் சிஎன்சி வேலையையும், சிறுசேரிப் பக்கம் ஏசியில் உணவு டெலிவரி ஆர்டர் பார்க்கும் வேலையையும், பைக்கில் அதே உணவைக் கொண்டுபோகும் வேலையையும் பையன்கள் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். தொடக்கச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணெய் வாசனையில் நிறைய வித்தியாசம். ஐந்து வருடம் கழித்து நல்ல செட்டர் எங்கே இருப்பார், டெலிவரி ஓட்டுபவர் எங்கே இருப்பார் என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் கணக்கு மாறலாம். ஆனால் அந்த ஐந்து வருட ஏணி ஆபரேட்டர் படியிலேயே உடைந்து கிடக்கும்போது யார் எப்படிச் சொல்வது? பையன்களின் முடிவில் நியாயம் இருக்கிறது.

வேலை போன நாற்பது வயது

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அந்த ஆலையை நம்பி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கமெல்லாம் வீடு கட்டிக் குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில். ஈட்டுத்தொகை பற்றி நீண்ட பேச்சுவார்த்தை நடந்தது. பத்திரிகைகள் அதை விரிவாக எழுதின. எழுதப்படாதது இது: இருபது வருடம் அசெம்பிளி லைனில் நின்ற ஒருவர், மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஆறு மாதம் போய் மில்லிங்கோ சிஎன்சி செட்டிங்கோ கற்று வேறு தொழிலுக்கு மாற ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பட்டறை திறந்திருந்ததா? அமெரிக்காவில் ஆலை மூடினால் முதலில் நிரம்புவது சமுதாயக் கல்லூரி வகுப்புதான். இங்கே கேப் கம்பெனிகளும் ரியல் எஸ்டேட்டும் நிரம்பின.

அதே ஃபோர்டு 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு மறுபடி ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு. 2029 முதல் மறைமலை நகரில் இன்ஜின் தயாரிப்பு. இன்ஜின் என்றால் சிலிண்டர் துளை, கிராங்க் தண்டு, கேம் தண்டு. எல்லாமே மைக்ரான் கணக்கு. மின்சார வண்டிகள் இந்த வேலைகளில் பலவற்றை விழுங்கிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அச்சும் டையும் மோட்டார் தண்டும் பேட்டரிப் பெட்டியும் மின்சார வண்டிக்கும் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். 1971-இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையம், பத்தாவதோடு ஐடிஐ முடித்த ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட்களை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுக்கிறது. கேளம்பாக்கம் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

கோடிகள் வந்திருக்கின்றன

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைப் புதுப்பிக்கும் திட்டத்தின் மதிப்பு 2,877 கோடி ரூபாய். 2023 ஜூலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரகடம் ஐடிஐயில் புதிய தொழில்நுட்ப மையத்தைத் திறந்து வைத்தார். ரோபோ, முப்பரிமாண அச்சு எந்திரம், ஐந்தச்சு மெஷின் எல்லாம் வந்திறங்கின. மேம்பட்ட சிஎன்சி மெஷினிங் என்று தனிப் படிப்பே சேர்ந்தது. நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. தரமணி டைடல் பார்க்கில் டிட்கோவும் சீமென்ஸும் சேர்ந்து நடத்தும் மையம், கேளம்பாக்கம் வழியே போகும் அதே ராஜீவ் காந்தி சாலையில்தான் இருக்கிறது.

இவ்வளவு மூலதனம் போட்ட மெஷின் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்பது எந்தப் பட்டறை முதலாளியும் கேட்கும் கேள்வி. ஜாப் ஒர்க் எடுப்பவர் வங்கிக் கடனில் வாங்கிய மெஷினை இரண்டு ஷிஃப்ட்டாவது ஓட்டாவிட்டால் தவணை கட்ட முடியாது. அரசு மெஷினுக்குத் தவணை இல்லை. அதனால் மாலை ஐந்து மணிக்குத் துணி போட்டு மூடிவிடலாம். சில ஐடிஐக்களில் இரண்டு ஷிஃப்ட் உண்டு என்றாலும் அதுவும் அதே முழுநேரப் படிப்பின் இன்னொரு பிரிவுதான். வேலைக்குப் போகிறவர் மூன்று மாதம் மட்டும் வந்து ஒரே ஒரு திறனைக் கற்றுப்போகும் ஏற்பாடு அல்ல. விருந்தினர் வரும் நாளில் ரோபோ கை அசைத்துக் காட்டுவது நல்ல படம்தான். இன்சர்ட்டும் இரும்புக் கம்பியும் வாங்க ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதே படிப்பின் தரத்தை முடிவு செய்யும்.

ஆகவே புதிய கல்லூரி கட்டுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. தெற்குப் புறநகரில் கட்டடத்துக்குக் குறைவில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கு வைக்கும் கோரிக்கை சின்னது: செங்கல்பட்டு, ஒரகடம், கிண்டி ஐடிஐ பட்டறைகளை மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் ஞாயிறன்றும் பகுதிநேர வகுப்புக்குத் திறந்துவிடுங்கள். ஓய்வுபெற்ற டூல்ரூம்காரர்கள் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்து அவர்களை ஆசிரியர்களாக்குங்கள். பி.இ. படிப்பதற்கு நிபந்தனையாக இருக்கும் கல்வித் தகுதியை எல்லாம் இங்கே சேர வருபவர்களிடம் கேட்காதீர்கள். இயந்திரவியலில் சேர்க்கை சரிந்து பட்டறைகள் காலியாகக் கிடக்கும் தனியார் பொறியியல் கல்லூரிகளையும் இதில் சேர்க்கலாம். கேளம்பாக்கத்தைச் சுற்றி அப்படி மூடிக் கிடக்கும் லேத்துகளை ஓட்டினாலே வாடகையாகவாவது கல்லூரிக்கு ஏதோ தேறும். ஒவ்வொரு படிப்பும் தன் விளம்பரத்தில் ஓர் எண்ணைப் போட வேண்டும் என்று விதி செய்யுங்கள்: ஒரு மாணவன் தன் கையால் மெஷின் ஓட்டும் நேரம் எவ்வளவு?

அந்த விதி வரும்வரை பெற்றோர்கள் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஐடிஐ விண்ணப்பம் தொடங்கிவிடும். விண்ணப்பம் போடும் முன், அரசு நிறுவனமோ தனியாரோ, ஒரு வேலை நாளில் நேரே பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். எத்தனை மெஷின் ஓடுகிறது, அதில் எத்தனை பேர் நிற்கிறார்கள், மைக்ரோமீட்டர் மாணவன் கையில் இருக்கிறதா அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். லேத்தின் அடியில் இருக்கும் தட்டில் இரும்புச் சுருள் குவிந்திருந்தால் பிள்ளையைச் சேர்க்கலாம். தட்டு துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.